தைலம் என்று நினைத்துத் தடவியது: தோட்டத்து ஊரில் ஒரு குடும்பம், ஐந்து புட்டிகள், ஒரு குழந்தை

இந்தக் குடும்பத்தை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள், பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் அரசாங்க கிளினிக்கில் தாய்சேய் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த வட்டாரத்தில் இன்னும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக் குழந்தை எசென்ஷியல் ஆயில் என்ற வாசனைச் சாரப் புட்டியை வாயில் வைத்துவிட்ட அந்த இரவு, அவர்கள் அவசர எண் 999-க்கு அழைப்பதற்கு முன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டியதற்குக் காரணமும் அதுதான். அதைப் பற்றியும் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னணி

இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. லயத்து வீடுகளை விட்டு வந்தவர்கள் பலர் மெயின் ரோட்டை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு விலை வீடுகளில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் ஐந்து பேர். பாட்டிக்கு 68 வயது, முப்பது வருடம் பால்மரம் சீவியவர். மகன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மருமகள் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறார். 9 வயதுப் பெண், சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ளவள், பள்ளிப் பையில் இன்ஹேலர் இருக்கும். அப்புறம் 14 மாதப் பையன்.

பையனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவு. மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைப் பார்த்துவிடுவார்கள். குறைபாடு இருந்தால் சில பொருள்கள் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், அதனால் பெற்றோருக்கு ஒரு தவிர்ப்புப் பட்டியல் கொடுப்போம். அதில் அந்துருண்டை இருக்கும், கற்பூரமும் மென்தாலும் கலந்த தைலங்கள் இருக்கும். இந்தக் குழந்தைக்கு அந்தப் பட்டியலை விளக்கியது நான்தான். பாட்டியையும் உட்கார வைத்து, "உங்க பச்சைத் தைலம் இவனுக்கு ஆகாதும்மா" என்று சொன்னேன். பாட்டி அதை அப்படியே கடைப்பிடித்தார், பீரோவிலிருந்த அந்துருண்டையைக்கூட வெளியே போட்டுவிட்டார். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் பலர் பாட்டிக்குத்தான் அக்கறை இல்லை என்று பேசினார்கள். அது உண்மையே இல்லை.

எண்ணெய் வீட்டுக்கு வந்தது

ஆகஸ்டில் தொடங்கியது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் மருமகளுக்குப் பகலில் தூக்கம் பிடிப்பதில்லை. கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு டிஃப்யூசரும் (வாசனையை அறையில் பரப்பும் கருவி) லாவெண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சை என்று மூன்று புட்டிகளும் கொடுத்தார். பிற்பாடு பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பெப்பர்மின்ட் ஒன்றும் செரை (எலுமிச்சைப் புல்) ஒன்றும் இவரே வாங்கினார். ஒவ்வொன்றும் 10 மில்லி. லாவெண்டர் வாசனையில் மனசு லேசாகிறது, கண் சொக்குகிறது என்றார். அதை நான் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கமாட்டேன். வேலை அலுப்போடு வருகிற ஒருத்திக்கு நல்ல வாசனையும் அரை மணி நேர அமைதியும் கிடைத்தால் அது பெரிய விஷயம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது, சொல்லப்போனால் ஒரு சொல்லில் இருந்தது. நம் வீடுகளில் எண்ணெய் என்றால் உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பது. தைலம் என்றால் மூலிகையை நல்லெண்ணெயிலோ விளக்கெண்ணெயிலோ போட்டுக் காய்ச்சி இறக்கியது, அதாவது ஏற்கெனவே கலந்தது. மின்யாக் ஆங்கின் என்று கடையில் விற்கும் மருந்துத் தைலத்தை வாங்கினாலும் மருந்துச் சரக்கு ஒரு பங்குதான், மீதி அடிப்படை எண்ணெய். இந்தப் புட்டிகளில் இருப்பது அப்படிக் கலந்ததல்ல. நூறு கிலோ யூகலிப்டஸ் இலையை ஆவியில் வடித்தால் ஒன்றிரண்டு கிலோதான் கிடைக்கும், அந்தச் சாரத்தைத் தண்ணீரோ எண்ணெயோ சேர்க்காமல் அடைத்திருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலமும் இதே சரக்குதான், அதையும் தைலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் இன்னும் கூடுகிறது. புட்டியின் மேல் எசென்ஷியல் ஆயில் என்று இருந்ததை மருமகள் பாட்டிக்கு "பூ எண்ணெய், இலை எண்ணெய்" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி காதில் விழுந்தது எண்ணெய் மட்டும்தான்.

தீபாவளி வரை கவனித்தது

இரண்டு அடையாளங்கள் முன்கூட்டியே தெரிந்தன, நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பெரிய பெண்ணுக்கு இரவு இருமல் கூடியது. ஏர்கோன் போட்டு, கதவு சன்னல் சாத்தி, டிஃப்யூசர் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, யூகலிப்டஸும் பெப்பர்மின்டும் பத்து பத்து துளி. இழுப்பு உள்ள பிள்ளைக்கு எந்தக் காட்டமான வாசனையும் மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். மூச்சுக்கு நல்லது என்று நினைத்துத்தான் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். இருமல் அதிகமானதும் துளியையும் அதிகமாக்கியிருக்கிறார்கள்.

மகனின் பிடரியில் வலப்பக்கம் பழுப்பாக ஒரு திட்டு. முதலில் எரிச்சல், அப்புறம் கொப்புளம், அப்புறம் கறுப்பு. கழுத்துப் பிடிப்புக்கு எலுமிச்சை எண்ணெயை அப்படியே தடவிக்கொண்டு காலையில் வேலைக்குப் போயிருக்கிறார். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் வெயில் பட்டால் தோலைச் சுடும் பொருள் இருக்கிறது, தடவிய இடத்தில் குறைந்தது 12 மணி நேரம் வெயில் படக்கூடாது. லாரி ஓட்டுபவருக்குச் சன்னல் பக்கக் கழுத்தில் காலை முழுக்க வெயில்தான்.

தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது புட்டிகளைப் பார்த்தேன். சாமி மேடையின் கீழ்த்தட்டில் விளக்கு எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. "கொஞ்சமா போடுங்க" என்று சொல்லிவிட்டு முறுக்கு சாப்பிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரவு

நவம்பர், மழை. பையனுக்கு இரண்டு நாளாகச் சளி, மூக்கடைப்பு. அம்மா இரவு ஷிஃப்டில், அப்பா அசந்து தூங்குகிறார். பச்சைத் தைலம் கூடாது என்பது பாட்டிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால்தான் இலை எண்ணெயை எடுத்தார், வெறும் இலைதானே என்று. உள்ளங்கையில் ஊற்றி நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்து, மூக்கடியிலும் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, மூடியை லேசாக வைத்துப் பாயோரம் புட்டியை வைத்தார். பால் கலக்க அடுப்படிக்குப் போய் வந்தபோது புட்டி பையன் வாயில் இருந்தது.

8.40 இருக்கும் என்கிறார். மகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோது 8.50. குழந்தை அழுகிறான், இருமுகிறான், எச்சில் ஒழுகுகிறது, உதடு சிவந்திருக்கிறது, வாயில் யூகலிப்டஸ் நெடி. நெஞ்சில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. புட்டியில் முக்கால்வாசி இருந்ததாகப் பாட்டி சொன்னார், நான் பார்த்தபோது பாதிக்கும் கீழே. தேய்த்தது எவ்வளவு, சட்டையில் சிந்தியது எவ்வளவு, விழுங்கியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி அளவே சின்னக் குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரப் போதும், அதைவிடக் குறைவாகக் குடித்தும் மோசமானவர்கள் உண்டு. அதனால் முழுவதும் விழுங்கியிருக்கிறான் என்றே வைத்துக்கொண்டேன்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பாட்டி உப்புத் தண்ணீர் கலக்கிக் கையில் வைத்திருந்தார், தொண்டையில் விரல் விட்டால் வந்துவிடும் என்றார். கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்த மாதிரி மெல்லிய எண்ணெய் வயிற்றுக்குள் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவது ஆபத்து. வாந்தி எடுக்கும்போது ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் வெந்து அழற்சியாகிவிடும். குழந்தை ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தான், அதாவது கொஞ்சம் இறங்கியிருக்கலாம். அதோடு எந்த நிமிடமும் மயங்கலாம், மயங்குகிற பிள்ளை வாந்தி எடுத்தால் அது இன்னும் மோசம்.

பால் கொடுக்கலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன், அதே காரணம்தான். ஈரத் துணியால் வாயைத் துடைத்தேன், சட்டையைக் கழற்றி நெஞ்சையும் முதுகையும் சோப்புப் போட்டுத் துடைத்து எடுத்தேன், ஏனென்றால் தோல் வழியாகவும் உள்ளே போய்க்கொண்டிருக்கும், மூக்கடியில் இருப்பதை அவன் மூச்சோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ், மென்தால், கற்பூரம் எதுவுமே வைக்கக்கூடாது, மூச்சு ஒரு கணம் அடைத்துக்கொள்ளலாம்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே 999-க்குப் போட்டேன். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, மாவட்ட மருத்துவமனை எங்களிடமிருந்து கால் மணி நேரம், காரிலேயே போகலாம் என்று பேசி முடிவெடுத்தோம். மகன் ஓட்ட, நான் பின்னால் பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். புட்டியையும் குழந்தையின் மருத்துவப் புத்தகத்தையும் எடுத்து வரச் சொன்னேன். 9.05-க்கு அழுகை நின்றுவிட்டது. அழுகை நின்றதும் மகன் நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதுதான் பயம், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடினான்.

மருத்துவமனையில்

ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். புட்டியையும் புத்தகத்தையும் கையில் கொடுத்ததால் என்ன, எவ்வளவு, ஜி6பிடி உண்டா என்ற மூன்று கேள்விக்கும் உடனே பதில் இருந்தது. வேறு தைலம் தடவினீர்களா, பெப்பர்மின்ட் ஏதாவது என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பெப்பர்மின்டில் மென்தால் நிறைய. நல்லவேளையாக அன்று அது பையன் பக்கம் வரவில்லை. டிஃப்யூசரும் அன்று ஓடவில்லை.

இரண்டு மணி நேரம் அரைத் தூக்கமாகவே இருந்தான். வலிப்பு வரவில்லை. நள்ளிரவுக்கு மேல் எழுந்து அம்மாவைக் கேட்டு அழுதான், அதற்குள் அம்மாவும் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்திருந்தார். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம், இரத்தமும் சரி. மறுநாள் மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். காய்ச்சல், வேகமான மூச்சு வந்தால் உடனே வர வேண்டும், சில நாளுக்குச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

மகன் எல்லாப் புட்டிகளையும் குப்பையில் போடப் போனார். மருமகள் பேசாமல் அழுதார், தன்னால்தான் என்று. நான் போட வேண்டாம் என்றேன். இதை எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் இந்த ஐந்தைத் தூக்கிப் போட்டால் அடுத்த பாசார் மாலாமில் ஆறாவது வரும், அப்போதும் யாருக்கும் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்காது.

பாட்டிக்கு வாயால் சொன்னால் ஏறாது என்று தோன்றியது. மின்விசிறிப் பெட்டிக்குள் வந்த வெள்ளை நுரைத் துண்டு ஒன்று கிடந்தது, அதன் மேல் ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, இன்னொரு பக்கம் எலுமிச்சை எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். தேங்காய் எண்ணெய் அப்படியே நின்றது. எலுமிச்சை எண்ணெய் விழுந்த இடத்தில் நுரை கரைந்து குழி விழுந்தது. பாட்டி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த மாதிரியையா மிஸ்ஸி புள்ள நெஞ்சுல தேச்சேன்" என்றார். தோல் நுரை மாதிரி கரையாது என்பதையும் சொன்னேன், பயமுறுத்தி வைப்பது என் நோக்கமல்ல. ஆனால் இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடக்கூடாது என்பது அன்றைக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அதற்குப் பெயர் "சாரம்". எண்ணெய் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் புட்டி புட்டியாக உட்கார்ந்து முடிவு செய்தோம். எலுமிச்சை தோலில் தடவுவதற்கே இல்லை. கூட வேலை செய்பவர் அதைத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லியிருந்தாராம், மருமகள் இரண்டு தடவை குடித்தும் இருக்கிறார். அது தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து நேராகத் தொண்டையிலும் வயிற்றிலும்தான் படும். எதையும் குடிப்பதில்லை என்று முடிவானது. பெப்பர்மின்டும் யூகலிப்டஸும் இந்த வீட்டை விட்டே போக வேண்டும் என்றேன், ஒன்று பையனின் இரத்தத்துக்கும் மற்றது பெண்ணின் மூச்சுக்கும் ஆகாது. இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். லாவெண்டரும் செரையும் எலுமிச்சையும் மிச்சம்.

மகனின் தோள்வலிக்கு லாவெண்டர் கலக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். 1 மில்லி என்பது சுமாராக 20 துளி. 10 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 துளி விட்டால் 1 சதவீதம், 4 துளி விட்டால் 2 சதவீதம். பெரியவர்கள் உடம்பில் தடவ 2 சதவீதம் போதும், அதற்கு மேல் விட்டால் பலன் கூடாது, அரிப்புதான் கூடும். முதல் தடவை முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்ப்பது. டிஃப்யூசரில் 3 துளி, மருமகள் அறையில் மட்டும், கதவைத் திறந்து வைத்து அரை மணி நேரம், பிள்ளைகள் வேறு அறையில். புட்டிகள் சாமி மேடையிலிருந்து பூட்டுள்ள மேல் அலமாரிக்குப் போயின, வாங்கிய தேதியை எழுதி ஒட்டினோம். எலுமிச்சை மாதிரிச் சாரங்கள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் தோலுக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், வாசனை இருக்கிறதே என்று வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடாது.

இன்னொன்றும் காட்டினேன். பாட்டியின் மின்யாக் ஆங்கின் புட்டியில் MAL என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் T எழுத்தும் இருக்கும் எண் இருந்தது. பாரம்பரிய மருந்தாகச் சுகாதார அமைச்சில் பதிவானதற்கு அடையாளம் அது. பாசார் மாலாம் புட்டிகளில் எந்த எண்ணும் இல்லை, செடியின் அறிவியல் பெயரும் இல்லை. பதிவு எண் இருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் தடவலாம் என்று ஆகிவிடாது, பாட்டியின் புட்டியே பையனுக்கு ஆகாதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவாவது முடியும்.

ஆறு மாதம் கழித்து

மே மாதம் போய்ப் பார்த்தேன். பெரிய பெண்ணுக்கு இரவு இருமல் குறைந்திருக்கிறது, இரவில் டிஃப்யூசர் ஓட்டுவதை நிறுத்திய இரண்டாவது வாரத்திலிருந்தே என்கிறார்கள். முழுக்கப் போய்விடவில்லை, பக்கத்தில் குப்பை எரித்தால் இன்னும் வருகிறது. மகனின் கழுத்துத் திட்டு மங்கிவிட்டது, உற்றுப் பார்த்தால் தெரியும். மருமகள் இரவு ஷிஃப்ட் முடிந்த நாள்களில் மட்டும் லாவெண்டர் போடுகிறார், தூக்கம் பரவாயில்லை, திரைச்சீலையைக் கனமாக மாற்றியதும் உதவியிருக்கிறது. பையன் ஓடி விளையாடுகிறான். சளி பிடித்தால் உப்பு நீர் மூக்குச் சொட்டு மருந்தும், தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கிப் பாட்டி மடியில் படுக்க வைப்பதும்தான்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை உறுத்தியது. பாட்டி இப்போது பையனுக்கு எதையும் தடவப் பயப்படுகிறார், குளிக்க வைக்கும்போது தேங்காய் எண்ணெய் வைப்பதைக்கூட நிறுத்தியிருந்தார். பேரனுக்கு எண்ணெய் தேய்ப்பது அவருக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தேங்காய் எண்ணெயைத் தேய்க்கச் சொன்னேன், பையன் சிரித்துக்கொண்டே நழுவினான்.

நான் மாற்றிச் செய்வது

தீபாவளியன்று "கொஞ்சமா" என்றேனே, அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். பாட்டிக்குக் கொஞ்சம் என்றால் உள்ளங்கைக் குழி. இப்போது துளிக் கணக்கில்தான் சொல்கிறேன், எத்தனை மில்லியில் எத்தனை துளி என்று எழுதியும் கொடுக்கிறேன்.

ஜி6பிடி பட்டியலைச் சொல்லும்போது எது கூடாது என்று மட்டும் சொன்னேன். சளி பிடித்தால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஒரு தைலத்தை வேண்டாம் என்று எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது உப்பு நீர்ச் சொட்டு மருந்தையும் சேர்த்தே காட்டுகிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இழுப்பு உண்டா, கைக்குழந்தை உண்டா, யாராவது கர்ப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் புட்டியைப் பற்றிப் பேச்செடுக்கிறேன்.

அந்த இரவு முதலில் என் வீட்டுக்கு வந்ததில் பத்து நிமிடம் போனது. நான் வெளியூர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. இப்போது அவர்கள் வீட்டு ஃபிரிஜ்ஜில் இரண்டு எண்கள் ஒட்டியிருக்கின்றன. குழந்தை இருமினாலோ மயங்கினாலோ 999. நன்றாக இருக்கிறான், விழுங்கினானா என்று சந்தேகம் மட்டும்தான் என்றால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய விஷ மையத்தின் 1-800-88-8099. எந்த நிலையிலும் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று பெரிய பெண் தன் கையெழுத்தில் கீழே எழுதியிருக்கிறாள்.

குழி விழுந்த நுரைத் துண்டை அன்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பாட்டி அதை மேல் அலமாரியில் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார். நானும் இப்போது பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் பையில் ஒரு துண்டு நுரை எடுத்துப் போகிறேன்.